கப்பலில் வந்தவர்களும் கரையில் நின்றவர்களும்: முதல் சந்திப்புக் கவிதைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் சந்திப்பு என்று எதைச் சொல்கிறோம்?

அதுவரை ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு கூட்டத்தார் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்ட நாளை. 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் இறங்கிய குவானஹானித் தீவு, 1497இல் வாஸ்கோ ட காமா ஒதுங்கிய தென்னாப்பிரிக்கக் கரை, 1500 ஏப்ரலில் போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சிய பிரேசில், 1642 டிசம்பரில் டச்சுக்காரரான ஏபல் டாஸ்மன் போய்ச் சேர்ந்த நியூசிலாந்து விரிகுடா என்று பட்டியல் நீளும்.

இந்த நாட்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒன்று உண்டு. அன்றைக்கு யார் பேசியதும் யாருக்கும் புரியவில்லை. கைச்சாடை, சிரிப்பு, பாசிமணி, சில இடங்களில் துப்பாக்கி, இவ்வளவுதான் நடந்த உரையாடல். ஆனால் கவிதைகளைத் திறந்தால் எல்லோரும் பேசுகிறார்கள், சிலர் பக்கம் பக்கமாக. அந்தப் பேச்சு யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, யாருக்குக் கொடுக்காமல் விட்டது என்று பார்ப்பதுதான் இவற்றைப் படிப்பதில் எனக்குள்ள ஆர்வம். கீழே வரும் பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

இதைப் பாடிய பெரிய காவியம் எது?

போர்ச்சுகீசியக் கவிஞர் லூயிஸ் டி கமோயிஸ் 1572இல் வெளியிட்ட ‘ஓஸ் லூசியாடஸ்’. பத்துக் காண்டங்கள். வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கு வந்த கடல்வழிப் பயணம்தான் கதை. கமோயிஸ் வீட்டில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. வட ஆப்பிரிக்காவில் படைவீரராக இருந்தபோது ஒரு கண்ணை இழந்தார், பிறகு கோவாவுக்கு வந்தார், மேக்கோங் ஆற்று முகத்தில் கப்பல் உடைந்து பிழைத்தார். கடலும் உப்பும் அவருக்கு நேரடியாகத் தெரியும்.

முதல் சந்திப்பைத் தேடுகிறவர்கள் ஐந்தாம் காண்டத்துக்குப் போக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செயின்ட் ஹெலினா விரிகுடா. மலையில் தேன் எடுத்துக்கொண்டிருந்த ஒருவனை மாலுமிகள் பிடித்துக் காமாவிடம் கொண்டுவருகிறார்கள். பேச்சு புரியவில்லை. பொன்னைக் காட்டுகிறார்கள், வெள்ளியைக் காட்டுகிறார்கள், வாசனைத் திரவியங்களைக் காட்டுகிறார்கள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பளிங்கு மணி, சின்னச் சலங்கைகள், ஒரு சிவப்புத் தொப்பி ஆகியவற்றைக் காட்டியதும் முகம் மலர்கிறது. கவிஞர் இதை அவனுடைய அறியாமைக்குச் சான்றாக வைக்கிறார். பழைய கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனைவிடக் காட்டுத்தனமானவன் என்று ஒரு அடி வேறு. எனக்கு அந்த இடத்தில் தேன்காரன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பொன்னை வைத்துக்கொண்டு அவன் அங்கே என்ன செய்வான்? தொப்பியைத் தலையில் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் அவனுடைய கூட்டத்தார் வருகிறார்கள். பெர்னாவோ வெலோசோ என்கிற மாலுமி, இவர்களோடு சிநேகமாகிவிட்டோம் என்ற தைரியத்தில் அவர்களுடைய இருப்பிடத்தைப் பார்க்கப் பின்னாலேயே போகிறான். கொஞ்ச நேரத்தில் போனதைவிட வேகமாக மலையிலிருந்து ஓடி வருகிறான். பின்னால் அம்பும் கல்லும் பறந்து வருகின்றன. காமாவுக்கே காலில் காயம். படகில் ஏறியதும் ஒருவன் கேட்கிறான்: ‘என்ன வெலோசோ, இந்தக் குன்று ஏறுவதைவிட இறங்கத்தான் வசதி போலிருக்கிறதே?’ வெலோசோ விடுவதாக இல்லை. ‘நான் இல்லாமல் நீங்கள் இங்கே தனியாக இருக்கிறீர்களே என்று நினைவு வந்தது, அதனால்தான் விரைந்து வந்தேன்’ என்கிறான். காவியத்தில் சிரிக்க வைக்கும் இடங்கள் குறைவு, அதில் இது ஒன்று. ஆனால் அங்கே என்ன நடந்தது, அந்த மக்களுக்கு ஏன் கோபம் வந்தது என்பது மட்டும் வரவே வராது. நகைச்சுவைக்கு அடியில் அந்தக் கேள்வி புதைந்துபோகிறது.

இன்னும் கிழக்கே, சாவோ பிராஸ் விரிகுடாவில், வேறொரு கூட்டத்தார் ஆடிப்பாடி வரவேற்கிறார்கள். பெண்கள் மெதுவாக நடக்கும் எருதுகளின் மேல் உட்கார்ந்து வருகிறார்கள். குழலிசை. ஆடும் கோழியும் கைமாறுகின்றன. இதே நாளைப் பற்றிக் கப்பலில் இருந்த ஒருவர் எழுதிவைத்த பயணக் குறிப்பு இருக்கிறது. அதில் காவியத்தைவிட நல்ல செய்தி ஒன்று உண்டு. கரையில் நாலைந்து பேர் குழல் ஊதி ஆட, காமா எக்காளம் ஊதச் சொல்லியிருக்கிறார். படகில் இருந்த போர்ச்சுகீசியர்கள் ஆடினார்கள், காமாவும் சேர்ந்து ஆடினார். தளபதி படகில் ஆடிய காட்சியைக் கமோயிஸ் எடுத்துக்கொள்ளவில்லை. காவியத் தலைவன் ஆடக்கூடாது போலும்.

அடமாஸ்டர் யார்?

அதே ஐந்தாம் காண்டத்தில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே ஓர் இரவில் மேகத்திலிருந்து எழும் பூதம். அழுக்குத் தாடி, குழிந்த கண்கள், மஞ்சள் பற்கள். ‘என் கடலுக்குள் யாரைக் கேட்டு வந்தீர்கள்?’ என்ற தொனியில் பேசி, இனி வரப்போகும் கப்பல்களுக்கு என்னென்ன அழிவு காத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறது. இது கமோயிஸின் சொந்தப் படைப்பு.

தேன்காரனுக்குக் கொடுக்காத பேச்சை இந்தப் பூதத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அத்துமீறி வந்தீர்கள் என்று கரையில் நின்ற மனிதன் சொல்லியிருக்க வேண்டியதை மலையே எழுந்து சொல்கிறது. மனிதன் சொல்லியிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பூதம் என்றால் சிலுவைக் குறி போட்டுவிட்டுக் கப்பலை நகர்த்தலாம். பின்னால் வந்த தென்னாப்பிரிக்கக் கவிஞர்களை இந்த உருவம் விடவே இல்லை. ராய் கேம்ப்பெல் 1930இல் வெளியிட்ட தொகுப்புக்கே இந்தப் பூதத்தின் பெயரைத்தான் வைத்தார்.

கோழிக்கோட்டில் காமா இறங்கியதும் முதல் சந்திப்புதானே?

கண்டிப்பான பொருளில் இல்லை. 1498 மே மாதம் காமா வந்தபோது கோழிக்கோடு அரபு வணிகர்களையும் சீனக் கப்பல்களையும் பார்த்துப் பழகிய துறைமுகம். கரைக்கு முதலில் அனுப்பப்பட்டவர் தண்டனை பெற்ற ஒரு கைதி. ஆபத்து வந்தால் போகட்டும் என்று இப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். அவரை எதிர்கொண்டவர்கள் துனீசியாவைச் சேர்ந்த இருவர். ‘உன்னைச் சாத்தான் கொண்டுபோக! இங்கே எதற்கு வந்தாய்?’ என்று ஸ்பானிய மொழியிலேயே கேட்டார்கள். ‘கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருள்களையும் தேடி வந்தோம்’ என்பது பதில். பயணக் குறிப்பில் இது அப்படியே இருக்கிறது.

காவியத்தில் ஏழாம் காண்டத்தில் இந்த இடம் வருகிறது. அங்கே மொன்சாயிதே என்று ஒருவர், முகமலர்ச்சியோடு, உன் தாய்நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவு யார் உன்னைக் கொண்டுவந்தது என்று மரியாதையாக விசாரிக்கிறார். சாத்தான் காணாமல் போய்விட்டான்.

அந்தக் காவியத்தில் தமிழ்நாடோ இலங்கையோ வருகிறதா?

இரண்டும் வருகின்றன. இலங்கை முதல் செய்யுளிலேயே இருக்கிறது, ‘தப்ரோபானா’ என்ற பழைய பெயரில். அதையும் தாண்டிச் சென்ற வீரர்களைப் பாடப்போகிறேன் என்றுதான் தொடக்கம்.

மயிலாப்பூர் பத்தாம் காண்டத்தில் வருகிறது. ஒரு கடல் தேவதை காமாவுக்கு உலகம் முழுவதையும் சுழற்றிக் காட்டும்போது, மெலியபோர் என்ற அழகிய, செல்வம் கொழித்த நகரத்தைச் சுட்டி, புனித தோமாவின் கதையைச் சொல்கிறாள். யானைகளாலும் அசைக்க முடியாத, கடல் ஒதுக்கிய பெரிய மரத்தைத் தோமா தன் இடுப்புக் கயிற்றால் கட்டி இழுத்து வந்தார் என்பது ஒரு நிகழ்ச்சி. தன் மகனைத் தானே கொன்றுவிட்டுத் தோமாமேல் பழி போட்ட ஒரு பிராமணன், உயிர்த்தெழுந்து சாட்சி சொன்ன மகன் என்று இன்னொன்று. சாந்தோம் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கதைகளின் சாயல் பழக்கமாக இருக்கும். இதில் மயிலாப்பூர்க்காரர்கள் அதிசயத்தைப் பார்த்து வியப்பதும் மதம் மாறுவதும் பொறாமைப்படுவதும் கொல்வதும் அழுவதும் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

படையோடு வந்தவனே எதிராளியைப் புகழ்ந்து பாடியதுண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் நான் ஒரே ஒரு நூலைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் அது இதுதான்: அலோன்ஸோ டி எர்சில்யா எழுதிய ‘லா அராவுகானா’. 1569, 1578, 1589 என்று மூன்று பகுதிகளாக வந்தது.

எர்சில்யா ஸ்பெயின் அரசவையில் வளர்ந்தவர். 1557இல் சிலி நாட்டுக்குப் படைவீரராகப் போனார். எதிரே இருந்தவர்கள் இன்று மபுச்சே என்று அழைக்கப்படும் மக்கள், அன்று ஸ்பானியர் வைத்த பெயர் அராவுகானியர். பகலில் போர், இரவில் எழுத்து. காகிதம் கிடைக்காமல் தோல் துண்டுகளிலும், ஆறு அடிகூடக் கொள்ளாத கடிதக் கிழிசல்களிலும் எழுதியதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். இது கண்டுபிடிப்புக் காவியம் அல்ல, போர்க் காவியம். ஆனாலும் தொடக்கத்திலேயே, எந்த அரசனுக்கும் அந்நியனுக்கும் தலைவணங்காத மக்கள் என்று எதிராளிக்குத்தான் புகழ்மாலை. தலைவனைத் தேர்ந்தெடுக்கக் கனத்த மரத்தைத் தோளில் தாங்கும் போட்டி வருகிறது. அதில் வென்ற கௌபோலிகான் பின்னால் பிடிபட்டுக் கழுவேற்றப்படும்போது, ‘நான் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அதைத் தடுத்திருப்பேன்’ என்று கவிஞர் குறுக்கே வந்து சொல்கிறார். இந்த நூல் அர்ப்பணிக்கப்பட்டது ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. இவருடைய மபுச்சே தலைவர்கள் ரோமாபுரி மன்றத்தில் நிற்பவர்களைப் போல நீளநீளமாகச் சொற்பொழிவாற்றுகிறார்கள். வீரத்தைக் கொடுத்தவர் அவர்களுடைய சொந்தப் பேச்சைக் கொடுக்கவில்லை.

உண்மையான முதல் சந்திப்பு கடைசிப் பகுதியில்தான், முப்பத்தாறாம் காண்டத்தைச் சுற்றி வருகிறது. ஸ்பானியர்கள் தெற்கே காட்டிலும் சேற்றிலும் வழி தவறி, பட்டினியோடு சிலோயே தீவுக்கூட்டத்தின் கரைக்கு வந்து சேருகிறார்கள். நீண்ட துடுப்புகள் கொண்ட படகில் தீவு மக்கள் வருகிறார்கள். யார், எவர் என்று தெரியாதவர்களுக்கு உணவு கொடுக்கிறார்கள், கைம்மாறு கேட்கவில்லை. இவர்களைப் பார்த்தால் பேராசை இந்த மலைகளுக்குள் இன்னும் நுழையவில்லை என்பது தெரிகிறது என்று எழுதுகிறார். அடுத்த செய்யுளே, ‘ஆனால் நாங்கள், போகிற போக்கில் தொட்டதையெல்லாம் அழித்துக்கொண்டு...’ என்று தொடங்குகிறது. பேராசை மற்ற இடங்களைவிட இங்கே உறுதியாகத் தன் கொடியை நட்டது என்று முடிகிறது. பதினாறாம் நூற்றாண்டில், வென்ற தரப்பைச் சேர்ந்த ஒருவர், ‘நாங்கள்’ என்று சொல்லி எழுதிய வாக்கியம் இது.

அப்புறம் என்ன செய்கிறார் தெரியுமா? பத்துப் பேரோடு சிறு படகில் நீர்வழியைக் கடந்து, அக்கரையில் உள்ள மரமொன்றில் கத்தியால் செதுக்குகிறார்: வேறு யாரும் வராத இடத்துக்கு டான் அலோன்ஸோ டி எர்சில்யா முதல் ஆளாக வந்தான், ஆண்டு 1558, பிப்ரவரி கடைசி நாள், பிற்பகல் இரண்டு மணி. சோறு போட்ட மக்கள் அக்கம்பக்கத்தில் வாழும்போதே ‘யாரும் வராத இடம்’. இரண்டு செய்யுள்களும் ஒரே காண்டத்தில் சில பக்க இடைவெளியில் இருக்கின்றன. முதல் சந்திப்பைப் பற்றி எத்தனை ஆய்வு படித்தாலும் இந்தச் சில பக்கங்கள் காட்டுகிற அளவுக்கு அந்த மனநிலையை வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

மொழி தெரியாத இடத்தில் இசையும் சைகையும் உதவினவா?

சில இடங்களில். சாவோ பிராஸில் குழலும் எக்காளமும் சேர்ந்தன என்று பார்த்தோம். 1642 டிசம்பரில் நியூசிலாந்தில் நடந்தது வேறு. டாஸ்மனின் இரண்டு கப்பல்கள் இன்று கோல்டன் பே எனப்படும் விரிகுடாவில் நிற்கின்றன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் படகுகளில் வந்து உரக்கக் கூவி, ஊதுகருவி ஒன்றை ஊதுகிறார்கள். டச்சுக்காரர்கள் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு தங்கள் எக்காளத்தை ஊதிப் பதில் சொல்கிறார்கள். அது சவால் என்றும், அதற்குப் பதில் ஊதியது சவாலை ஏற்றதாகிவிட்டது என்றும் இன்று விளக்குகிறார்கள். மறுநாள் ஒரு மாவோரிப் படகு டச்சுக்காரர்களின் சிறு படகொன்றை மோதியது, டாஸ்மனின் ஆட்கள் நான்கு பேர் இறந்தார்கள். அவர் கரையில் கால் வைக்காமலே போய்விட்டார்.

இந்த நிகழ்ச்சியின் முந்நூறாவது ஆண்டுக்காக, 1942இல், அரசுத் துறை ஒன்று கேட்டுக்கொண்டதன் பேரில் ஆலன் கர்னோ என்ற நியூசிலாந்துக் கவிஞர் ஒரு நீள்கவிதை எழுதினார். டக்ளஸ் லில்பர்ன் அதற்கு நரம்பிசை அமைத்தார். அரசு விழாவுக்கு எழுதும் கவிதை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கர்னோ அந்த வழியில் போகவில்லை. புதிய திசையில் பாய் விரித்தாலே உலகம் பெரிதாகிவிடும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையை முதலில் பாடி, விரிகுடாவில் நடந்த கொலையை நடுவில் வைத்து, இதெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு பாடமாகச் சுருங்கிவிட்டதே என்று கடைசிப் பகுதியில் கசப்போடு பேசுகிறார். தீவின் கதையை எழுதுவது அந்த ரத்தக் கறைதான் என்கிறார். ஆனால் கரையில் நின்றவர்கள் அந்த நாளை எப்படிப் பார்த்தார்கள் என்பது அவர் கவிதையிலும் இல்லை.

மொழி புரிந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நினைக்கவும் வழியில்லை. 1769 அக்டோபரில் பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் நியூசிலாந்துக்கு வந்தபோது, ரயாத்தேயாத் தீவைச் சேர்ந்த துபாயா என்ற பூசாரியும் கடலோடியுமானவர் கப்பலில் இருந்தார். முதல் நாள் தே மாரோ என்ற மாவோரியை குக்கின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் துபாயா பேசியது மாவோரிகளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் துப்பாக்கி ஓயவில்லை, அன்றும் ஆட்கள் செத்தார்கள்.

நம் பக்கத்தில் ஒரு பழைய அடி நினைவுக்கு வருகிறது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், அரசனின் பாசறையில் காவல் நிற்கும் வேற்றுநாட்டாரைப் பற்றி ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின்’ மிலேச்சர் என்று வரும். நாவால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்கள். இது முதல் சந்திப்பு அல்ல, அவர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள். ஆனால் அந்தப் பேசாத நாவுக்கு வசனம் எழுதிக் கொடுக்காமல், பேசவில்லை என்பதையே சொல்லிவிட்டு நகர்ந்த புலவரின் நிதானம் கமோயிஸுக்கோ எர்சில்யாவுக்கோ வாய்க்கவில்லை.

கரையில் நின்றவர்கள் பாடியது எதுவும் கிடைக்கவில்லையா?

கிடைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவை முதல் நாளைப் பற்றியவை அல்ல, அதன் விளைவைப் பற்றியவை. 1521 ஆகஸ்டில் மெக்சிகோ நகரம் விழுந்ததைப் பற்றி நாவாட்டில் மொழியில் ஒரு புலம்பல் இருக்கிறது. தெருக்களில் புழு நெளிகிறது, தண்ணீர் சாயம் கலந்ததுபோலச் சிவந்திருக்கிறது, எங்களுக்கு மிஞ்சிய சொத்து ஓட்டைகளால் ஆன ஒரு வலை என்று போகும். படித்தால் லேசில் மறக்காது.

பெருவில், 1532 நவம்பர் 16 அன்று கஹமார்காவில் இன்கா அரசன் அதாவல்பா ஸ்பானியத் தளபதி பிஸாரோவிடம் பிடிபட்டான். ஓர் அறை நிறையத் தங்கம் கொடுத்தும் மறு ஆண்டு கொல்லப்பட்டான். அவனுக்காகக் கெச்சுவா மொழியில் பாடப்பட்ட, ஆசிரியர் பெயர் தெரியாத இரங்கற்பா ஒன்று உண்டு. இது என்ன கருப்பு வானவில் எழுகிறது என்ற கேள்வியோடு தொடங்குகிறது. எழுத்தாளர் ஹோசே மரியா அர்கேதாஸ் அதை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்த பிறகு உலகம் அறிந்தது. அதில் வந்தவர்களைப் பற்றிய வருணனை மிகக் குறைவு. பொன்னால் நிறையாத நெஞ்சம் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் தலைவனை இழந்து திசை தெரியாமல் அலையும் மக்களைப் பற்றித்தான்.

முதல் சந்திப்பையே நேரடியாகக் காட்டும் ஒன்றும் இருக்கிறது. அதாவல்பாவின் முடிவைச் சொல்லும் கெச்சுவாச் செய்யுள் நாடகம். அதன் பிரதி ஒன்றை பொலிவிய எழுத்தாளர் ஹெசுஸ் லாரா 1957இல் பதிப்பித்தார். ஆண்டிஸ் ஊர்களில் திருவிழாக்களில் இந்தக் கதையை இன்றும் நடிக்கிறார்கள். ஸ்பானியர் ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள். இன்காவின் ஆட்கள் அதைச் சோள மடல் போன்ற பொருளாகப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் எறும்புக் கூட்டம் மொய்ப்பதுபோல் இருக்கிறது, அந்தப் பக்கம் திருப்பினால் ஆற்றங்கரைச் சேற்றில் பறவைக்கால் தடம் மாதிரி இருக்கிறது, இப்படிப் பிடித்தால் தலைகீழாக நிற்கும் மான்கள் போல் இருக்கிறது. கடிதம் ஒவ்வொருவர் கையாகப் போகிறது, யாருக்கும் விளங்கவில்லை. புரியாமையைப் புரியாமையாகவே மேடையில் நிறுத்திய காட்சி. கப்பலில் வந்தவர்கள் எழுதியதில் இதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை.

வந்தவர்களைத் தெய்வம் என்று நினைத்து வணங்கினார்கள் என்பது உண்மையா?

கவிதைகளில் அடிக்கடி வரும், நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டிய செய்தி. மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்டெஸை ஒரு பழைய தெய்வம் திரும்பி வந்ததாக மெக்சிகோ மக்கள் எண்ணினார்கள் என்ற கதை, வெற்றிக்குப் பின் எழுதப்பட்டவற்றில்தான் வளர்கிறது. ஹவாயில் குக்கை லோனோ என்ற தெய்வமாகக் கொண்டார்கள் என்பதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற சண்டையே நடந்தது. அமெரிக்க மானுடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் ஆம் என்றார். இலங்கையைச் சேர்ந்த கணநாத் ஒபயசேகர 1992இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பியன் தெய்வமாக்கப்பட்டான் என்பது ஐரோப்பியர்களே வளர்த்த புராணம் என்று வாதிட்டார். சாலின்ஸ் 1995இல் ஒரு முழுப் புத்தகமாகவே மறுப்பு எழுதினார். எனக்கு ஒபயசேகர கேட்ட கேள்வி பிடிக்கும். முடிவு எதுவானாலும், 1779 பிப்ரவரி 14 அன்று அதே ஹவாய் மக்கள்தான் குக்கைக் கொன்றார்கள்.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் தப்பாக எழுதிவிட்டார் என்கிறார்களே?

1816இல் ஹோமரின் மொழிபெயர்ப்பைப் படித்த பரவசத்தில் எழுதிய சானெட்டில், இன்றைய பனாமாவில் உள்ள டாரியன் மலைமேல் நின்று பசிபிக்கைப் பார்த்தவர் கோர்டெஸ் என்று வரும். 1513இல் அப்படிப் பார்த்தவர் பல்போவா என்ற இன்னொரு ஸ்பானியர். சரி, பிழைதான். ஆனால் அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்றை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பல்போவாவுக்கு அந்த மலைக்கு வழி காட்டியவர்கள் அந்த மண்ணின் மக்கள். வழியில் இன்னொரு ஊரில் அவர் நாய்களை ஏவி ஆட்களைக் கொன்றதும் பழைய வரலாற்றுக் குறிப்புகளில் இருக்கிறது. கீட்ஸின் மலையுச்சியில் ஸ்பானியர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மிக அழகான பதினான்கு அடிகள். ஆள் நடமாட்டமே இல்லாத கண்டம்.

இருபதாம் நூற்றாண்டில் பார்வை மாறியதா?

மாறியது, அதில் பிரேசில் முன்னே நிற்கிறது. காரணம் அவர்களிடம் நல்ல மூலப்பொருள் இருந்தது. 1500 மே 1 அன்று பேரோ வாஸ் டி கமீனியா என்ற கப்பல் எழுத்தர் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதம் அது. கப்பலுக்கு அழைத்து வரப்பட்ட இருவர் தளபதியின் பொன் சங்கிலியைப் பார்த்துவிட்டுக் கரையைச் சுட்டிக் காட்டினார்கள். அங்கே பொன் இருக்கிறது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டோம், நாங்கள் அப்படி விரும்பியதால் அப்படி எடுத்துக்கொண்டோம் என்று கமீனியாவே எழுதுகிறார். சங்கிலியைத் தங்களுக்குக் கேட்கிறார்களோ என்று தோன்றினாலும் அதைப் புரிந்துகொள்ள நாங்கள் விரும்பவில்லை, கொடுக்கப்போவதில்லையே, என்றும் சேர்த்துக்கொள்கிறார். இவ்வளவு நேர்மையான எழுத்தர் எந்தக் கப்பலிலும் அபூர்வம். அந்தக் கப்பல்கள்தான் அங்கிருந்து கோழிக்கோட்டுக்கு வந்தன.

ஓஸ்வால்ட் டி ஆண்ட்ராடே என்ற கவிஞர் 1925இல் வெளியிட்ட ‘பாவ் பிரேசில்’ தொகுப்பில் இந்தக் கடிதத்தின் வாக்கியங்களை வெட்டி, அடியடியாக அடுக்கி, மேலே ஒரு தலைப்பு வைத்துக் கவிதையாக்கினார். ஒரு கோழியைக் காட்டினார்கள், அவர்கள் பயந்தார்கள், தொடத் தயங்கினார்கள், பிறகு வியப்போடு வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் கவிதை. தலைப்பு ‘காட்டுமிராண்டிகள்’. ஒரு சொல்கூட அவர் சேர்க்கவில்லை, கேலி மட்டும் சேர்ந்துவிட்டது. இன்னொரு கவிதை ஏழே அடி. போர்ச்சுகீசியன் வந்தபோது அடைமழை, அதனால் அவன் பூர்வகுடிக்கு உடை மாட்டிவிட்டான், ஐயோ பாவம், அன்று மட்டும் வெயிலடித்த காலையாக இருந்திருந்தால் பூர்வகுடி போர்ச்சுகீசியனின் உடையைக் களைந்திருப்பான் என்று முடிகிறது. ஒரு கண்டத்தின் தலைவிதியை வானிலை அறிக்கையாக்கிய குறும்பு.

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் பல ஆண்டுகள் பிரேசிலில் வாழ்ந்தவர். போர்ச்சுகீசியர் ரியோ டி ஜெனிரோ விரிகுடாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் 1502 ஜனவரி முதல் நாளைத் தலைப்பாக்கி ஒரு கவிதை எழுதினார். காடு முழுவதும் இலை, பூ, பறவை, பல்லி என்று பூவேலை செய்த திரைச்சீலைபோல விரிகிறது. அதற்குள் ஆணிபோலக் கடினமான, ஆணிபோலச் சின்னதான கிறிஸ்தவர்கள் கவசம் கிரீச்சிட வருகிறார்கள். பூசை முடிந்த கையோடு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பெண்ணைப் பிடிக்க அந்தத் திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு பாய்கிறார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் கூவி அழைத்தபடி பின்னால் பின்னால் நழுவிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது என்ன என்று பிஷப் சொல்லவில்லை. அது பறவைக் கூவலாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறார்.

சிலி நாட்டுக் கவிஞர் நெருடாவின் ‘கான்டோ ஜெனரல்’ (1950) எதிர்த் திசையில் சத்தமாகப் பேசுகிறது. வெற்றி கொள்ள வந்தவர்களைப் பற்றிய பகுதி, தீவுகளைக் கசாப்புக்காரர்கள் பாழாக்கினார்கள், அந்த வேதனைக் கதையில் முதலாவது குவானஹானி என்று தொடங்குகிறது. கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பகுதியின் முடிவில் கத்திகளையும் மீறி வெளிச்சமும் வந்தது என்று ஒப்புக்கொள்கிறார். அவர் எழுதிய ஸ்பானிய மொழியே அந்தக் கப்பல்களில் வந்ததுதானே.

பூர்வகுடிக் கவிஞர்கள் இன்று அந்த நாளை எழுதுகிறார்களா?

பலர் அந்த நாளுக்குப் போவதே இல்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கவிஞர் ஊட்ஜெரூ நூனக்கல் (அப்போதைய பெயர் கேத் வாக்கர்) 1964இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் தலைப்புக் கவிதையில், எஞ்சிய சிலர் தங்கள் பழைய சடங்கிடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அங்கே குப்பை கொட்டலாம் என்று அறிவிப்புப் பலகை. இங்கே அந்நியர் யார் என்ற கேள்வியை அவர் இரண்டே அடியில் புரட்டிப் போடுகிறார். கப்பல் வந்த நாளுக்கு அங்கே வேலையில்லை.

மாவோரிக் கவிஞர் ராபர்ட் சல்லிவன் வேறு வழி கண்டார். 2002இல் வந்த அவருடைய நீள்கவிதையில், செத்துப்போன குக் கீழுலகத்துக்குள் இறங்கித் தான் செய்தவற்றுக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கீழுலகம் போய்வந்த கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியஸும் மாவோரிக் கீழுலகமும் அதில் ஒன்றாகக் கலக்கின்றன. கமோயிஸ் கிரேக்க, ரோமானியத் தெய்வங்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார் அல்லவா, சல்லிவன் அவற்றைத் தன் ஊர்ச் சட்டத்துக்கு உட்படுத்திவிட்டார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஓஸ்வால்டின் ஏழு அடியிலிருந்து. பிறகு பிஷப். கமோயிஸை முதல் காண்டத்தில் தொடங்க வேண்டாம். அங்கே ரோமானியத் தெய்வங்கள் கூடிச் சபை நடத்துவார்கள், பொறுமை இல்லாதவர்கள் அதோடு நின்றுவிடுவார்கள். ஐந்தாம் காண்டத்துக்கு நேராகப் போங்கள், தேன்காரன், வெலோசோ, அடமாஸ்டர் மூவரும் அங்கேதான் இருக்கிறார்கள். எர்சில்யாவைக் கடைசியிலிருந்து, சிலோயே பகுதியிலிருந்து படித்துவிட்டு, பிடித்திருந்தால் முன்னே போகலாம். கமீனியாவின் கடிதம் கவிதை இல்லைதான், ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம், கோழிக்குப் பயந்த இடமும் பொன் சங்கிலி இடமும் அடுத்தடுத்து வரும்.